அணுமின் நிலையங்களைக் கலைக்கும் வேலைக்குப் போகவிருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ தொலைபேசியில் அந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை. அணுமின் நிலையங்களைக் கலைக்கும் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, பழைய உலைகள் உலகெங்கும் வரிசையில் நிற்கின்றன, உன் காலம் முழுவதும் இத்துறையில் வேலை வற்றாது என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாய். எனக்கு யோசிக்க அவகாசம் தேவைப்பட்டது. மின்உற்பத்தி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் என் பணிக்காலம் கழிந்தது என்பதும், அதில் பதினோரு ஆண்டுகள் உலைகளின் கலைப்பு நிதிக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது என்பதும் உனக்குத் தெரியும். அந்தக் கணக்குக்குள் என்ன இருந்தது என்பதை மட்டும் நான் உன்னிடம் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. மூடிய நிலையத்தைப் பிரித்தெடுத்து நிலத்தைத் துப்புரவாக்கும் வேலையை நீங்கள் டீகமிஷனிங் என்கிறீர்கள், நான் கலைப்பு என்றே எழுதுகிறேன், கண்ணா; எங்கள் பேரேட்டில் அந்தச் சொல்தான் இருந்தது.

வேலை வற்றாது என்று நீ சொன்னது பெரிதும் உண்மை. இன்று உலகில் நானூறுக்கும் மேற்பட்ட மின்உலைகள் இயங்குகின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முப்பது வயதைக் கடந்தவை. நிரந்தரமாக மூடப்பட்டவை ஏற்கெனவே இருநூறைத் தாண்டிவிட்டன. அந்த இருநூறில் கடைசிவரை கலைக்கப்பட்டு, நிலம் வேறு பயனுக்குத் தகுதியானது என்று சான்று பெற்றவை பத்தில் ஒரு பங்கு அளவே. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று உலைகளையும் நிறுத்தியது. பிரிட்டனில் மேக்னாக்ஸ் என்ற பழைய வகை உலைகள் அனைத்தும் 2015-க்குள் ஓய்ந்துவிட்டன. தென்கொரியா தன் முதல் மின்உலையான கோரி-1-ஐ 2017-இல் மூடியது. ஆகவே செய்ய வேண்டிய வேலை மலையாகக் குவிந்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வேலை இருப்பது வேறு, அதற்குரிய பணம் உரிய இடத்தில் இருப்பது வேறு.

மற்ற எந்தச் சந்தையிலும் பணம் கொடுப்பவன் ஒரு பொருளை வாங்கி, அதை வைத்துப் பிழைக்கிறான். இங்கே பணம் கொடுப்பவனுக்குக் கிடைப்பது வெற்று நிலம். அதுவும் அவன் நிலையம் ஒரு யூனிட் மின்சாரம்கூட விற்காத காலத்தில்தான் செலவு தொடங்குகிறது. அதனால்தான் உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் சிறு தொகையைப் பிரித்து ஒரு நிதியில் போட வேண்டும் என்று பல நாடுகள் விதி வகுத்தன. அந்த நிதியில் இன்று எவ்வளவு இருந்தால் போதும் என்று கணக்கிடுவதுதான் என் வேலை. அதில் ஒரே ஒரு எண் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நிதி ஆண்டுதோறும் எவ்வளவு வளரும் என்று வைத்துக்கொள்ளும் அந்த எண்ணுக்குத் தள்ளுபடி விகிதம் என்று பெயர். அறுபது ஆண்டுகள் கழித்து 100 ரூபாய் தேவைப்படும் என்று வைத்துக்கொள். நிதி ஆண்டுக்கு 2 சதவீதம் வளரும் என்று நம்பினால் இன்று 30 ரூபாய் 50 காசு வேண்டும். 4 சதவீதம் வளரும் என்று நம்பினால் ஒன்பதரை ரூபாய் போதும். உலையில் ஒரு திருகாணிகூட மாறாது. பென்சிலால் ஒரு எண்ணை மாற்றினால் கடமை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஓர் ஆண்டு என்னிடம் அந்த எண்ணை உயர்த்தச் சொன்னார்கள். லாபக் கணக்கு அழகாகத் தெரிய வேண்டிய ஆண்டு அது. அவ்வளவு வருமானம் அத்தனை நீண்ட காலத்துக்குக் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நான்கு பக்கக் குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தேன். என் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, இது கொள்கை முடிவு என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார். நான் கையெழுத்திட்டேன். அப்போது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அன்று அந்தக் கணக்கிலிருந்து மறைந்துபோன தொகையை, நான் உயிரோடு இல்லாத ஒரு காலத்தில் யாரோ எங்கிருந்தோ எடுத்துக் கட்டத்தான் வேண்டும். அந்தக் கையெழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது.

இது ஒரு தனி நிறுவனத்தின் பழக்கம் என்று நினைத்துவிடாதே. பிரிட்டனில் பழைய அணுசக்தி வளாகங்களைத் துப்புரவாக்க 2005-இல் தனி அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 2016-இல் அதன் ஆண்டறிக்கையில் எதிர்காலக் கடமையின் மதிப்பு சுமார் 7,000 கோடி பவுண்டிலிருந்து சுமார் 16,000 கோடி பவுண்டுக்குத் தாவியது. அந்த உயர்வின் பெரும்பகுதிக்குக் காரணம், கருவூலம் தள்ளுபடி விகிதத்தை மாற்றியதுதான். ஜெர்மனி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. உலைகளைப் பிரித்தெடுக்கும் செலவு நிறுவனங்களைச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டு, கழிவைக் காலமெல்லாம் காக்கும் பொறுப்பை அரசு ஏற்றது. அதற்கு விலையாக நிறுவனங்கள் 2017-இல் சுமார் 2,400 கோடி யூரோவை அரசின் நிதியத்தில் கட்டின. அந்தத் தொகை போதாமல் போனால் மிச்சம் மக்களின் தலையில் விழும். ஆயினும் யாருடைய கடமை எதுவரை என்று கோடு கிழித்த அளவில் அது நேர்மையான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

உன்னை அழைத்திருக்கும் நிறுவனம் அமெரிக்க முறையில் தொழில் செய்வதாகச் சொன்னாய். அங்கே மூடிய நிலையத்தை அதன் உரிமத்தோடும், சேர்ந்திருக்கும் கலைப்பு நிதியோடும் ஒரு கலைப்பு நிறுவனம் அப்படியே வாங்கிக்கொள்கிறது. குறித்த செலவுக்குள் முடித்தால் மிச்சத்தில் லாபம். இல்லினாய் மாநிலத்தின் சயான் நிலையம் 1998-இல் மூடப்பட்டது; 2010-இல் எனர்ஜிசொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் கைக்கு அதன் உரிமம் மாறிய பிறகு வேலை உண்மையில் வேகம் பிடித்தது. யூட்டா மாநிலத்தில் குறைந்த அளவுக் கதிரியக்கக் கழிவைப் புதைக்கும் தளம் அதே நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால், நுட்பமாகப் பிரித்துத் தரம்பிரிப்பதைவிட மொத்தமாக ஏற்றி அனுப்புவதே அவர்களுக்கு மலிவாக அமைந்தது. இதில் குற்றம் காண நான் வரவில்லை. பல பத்தாண்டுகள் சும்மா கிடந்திருக்கக்கூடிய நிலையங்கள் இந்த முறையால் கலைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் நிதி குறைந்துவிட்டால், அந்த ஒரு வேலைக்காகவே கலைப்பு நிறுவனம் அமைக்கும் துணை நிறுவனத்திடம் வேறு சொத்து என்ன இருக்கிறது என்பதை நீ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சந்தை திரும்பியும் நடக்கக்கூடியது என்பதையும் மறக்காதே. மிச்சிகன் மாநிலத்தின் பாலிசேட்ஸ் நிலையம் 2022 மே மாதம் நின்றது. கலைப்பதற்காக ஹோல்டெக் நிறுவனம் அதை வாங்கியது. பிறகு அதே நிறுவனம் அரசின் 152 கோடி டாலர் கடன் உதவியோடு உலையை மறுபடி இயக்கும் பணியில் இறங்கியது. மின்தேவை ஏறும்போது, மூட வேண்டிய உலைகளுக்கும் ஆயுள் நீட்டிப்புக் கிடைக்கிறது. அமெரிக்காவில் எண்பது ஆண்டுகள்வரைகூட அனுமதிக்கிறார்கள். அதனால் கலைப்பு வேலை மறைந்துவிடாது, தள்ளிப்போகும். பத்தாண்டுத் தள்ளிப்போதல் ஒரு தேசத்துக்குச் சிறிய காலம், உனக்கு அது பணிக்காலத்தில் மூன்றிலொரு பங்கு.

உடனே கலைப்பதா, காத்திருந்து கலைப்பதா என்ற பழைய வழக்கிலும் உன் தாய்க்கு ஒரு கருத்து உண்டு. காத்திருக்கச் சொல்பவர்கள் உலையின் எஃகில் உருவாகும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைக் காட்டுவார்கள். அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சற்றேறக்குறைய ஐந்தேகால் ஆண்டு. ஐம்பது ஆண்டுகளில் அதன் கதிரியக்கம் எழுநூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உலைக்கலனை அறுக்கும் தொழிலாளிக்கு அது மெய்யான பாதுகாப்பு. அமெரிக்காவில் மூடியதிலிருந்து அறுபது ஆண்டுகளுக்குள் கலைத்து முடித்தால் போதும் என்று விதியே இடம் தருகிறது. ஆனால் அதே அறுபது ஆண்டுகளில் கட்டடம் துருப்பிடிக்கும், வரைபடங்கள் மங்கும், எந்தக் குழாயில் எந்த ஆண்டு கசிவு வந்தது என்று நினைவில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் ஐந்து சோவியத் உலைகள் 1990-க்குள் நின்றன. 1995-இல் கலைப்புத் தொடங்கியது. இயக்கியவர்களே பிரித்தெடுக்கும் வேலையிலும் அமர்த்தப்பட்டார்கள். அங்கேயும் வேலை முப்பது ஆண்டுகளைத் தாண்டி நீள்கிறது என்றாலும், அறிந்த கைகள் தொடங்கிவைத்த வேலை அது. பொறியாளரான உனக்கு இதன் அருமை என்னைவிட நன்றாகப் புரியும்.

இனிக் கழிவு. கலைப்பில் வெளிவரும் கான்கிரீட்டிலும் இரும்பிலும் மிகப் பெரும்பகுதி கதிரியக்கமற்றது அல்லது மிகச் சொற்ப அளவே உடையது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பயன்படுத்தப்பட்ட எரிபொருள்தான் என் கவலை. அமெரிக்காவின் மெய்ன் யாங்கி நிலையம் 2005-இல் முழுவதுமாகக் கலைக்கப்பட்டது. உலை இருந்த இடத்தில் இன்று புல் முளைத்திருக்கிறது. ஆனால் அதே வளாகத்தின் ஒரு மூலையில் அறுபதுக்கும் மேற்பட்ட எஃகு, கான்கிரீட் கலன்கள் காவலோடு நின்றுகொண்டிருக்கின்றன. அந்த எரிபொருளை 1998 ஜனவரி 31 முதல் எடுத்துச்செல்வதாக அரசு ஒப்பந்தம் செய்திருந்தது, எடுத்துச்செல்லவில்லை, அதற்காக நீதிமன்றங்களின் தீர்ப்புப்படி இழப்பீடு கட்டிக்கொண்டிருக்கிறது. நிலையம் போய்விட்டது, நிறுவனம் மட்டும் கலன்களுக்குக் காவலாக உயிரோடு இருக்கிறது. பின்லாந்தைப் போல நிரந்தரப் புதைகுழியைப் பாறைக்குள் குடைந்து முடித்த நாடு அரிது. பிரித்தெடுக்கும் தொழிலில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தாலும், கழிவுக்குச் சேருமிடம் இல்லாதவரை எந்தக் கலைப்பும் முடிந்ததாக நான் கணக்கில் எழுதமாட்டேன்.

ஃபுகுஷிமா போன்ற இடத்துக்கு உன்னை அனுப்புவார்களோ என்று அப்பா கேட்டார். உருகி உறைந்த சுமார் 880 டன் எரிபொருட்குவியலிலிருந்து 2024 நவம்பரில் முதல் முறையாக வெளியே எடுக்கப்பட்டது ஒரு கிராமுக்கும் குறைவு. விபத்துக்குள்ளான உலையின் கலைப்பு வேறு தொழில், வயதாகி மூடிய உலையின் கலைப்பு வேறு தொழில் என்று அவருக்கு விளக்கினேன். நீ செய்யப்போவது இரண்டாவது. தண்ணீருக்கடியில், தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளால் அறுக்கும் வேலை. இருந்தாலும், ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற கதிர்வீச்சு வரம்பு உன் உடம்புக்கானது, உன் முதலாளிக்கானது அல்ல. இந்தத் தொழிலில் ஒப்பந்தம் மாறும், நாடு மாறும், முதலாளி மாறுவார். உன் கதிர்வீச்சுப் பதிவேடு எல்லா இடத்துக்கும் உன்னோடு வர வேண்டும். அதன் நகல் ஒன்றை ஆண்டுதோறும் எனக்கு அனுப்பு.

இவ்வளவும் எழுதியது உன்னைத் தடுக்க அல்ல. என் தலைமுறை மின்சாரத்தை அனுபவித்துவிட்டு விட்டுச்சென்றதை உன் தலைமுறை பிரித்து அடுக்கப்போகிறது. அதைச் செய்யும் கைகளில் என் மகனின் கையும் இருந்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் அவர்களுடைய கடைசி இரண்டு ஆண்டறிக்கைகளை வாங்கி எனக்கு அனுப்பு. முகப்புப் பக்கத்துப் படங்களும் தலைவரின் உரையும் வேண்டாம். கணக்குகளுக்கான விளக்கக் குறிப்புகளில் கலைப்பு நிதி என்ற தலைப்பு எங்கிருக்கிறதோ அந்தப் பக்கங்கள் போதும். தள்ளுபடி விகிதம் எவ்வளவு, நிதி குறைந்தால் தாய் நிறுவனம் உத்தரவாதம் தந்திருக்கிறதா, எரிபொருள் கலன்களின் காவல் செலவை எத்தனை ஆண்டுக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்குள் உனக்கு எழுதுகிறேன். அதுவரை கையெழுத்திடாதே.

அன்புடன்,
அம்மா