போதையில் மிரண்டவனுக்கு முதலில் மருத்துவர்

ஆசிரியருக்கு,

எல்எஸ்டி என்ற, இல்லாததைக் கண்முன் காட்டும் போதைப்பொருள் பிடிபட்டது, மாணவர்கள் கைது என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் அல்சூர் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சு: ‘பிள்ளையை ஊருக்கே அனுப்பிவிடலாம்.’ அதை எடுத்துவிட்டு மிரண்டு நிற்பவனை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் சுவரைப் பார்த்துப் பார்த்து அலறினான். கொண்டுபோன மருத்துவமனையில் நாடி பார்ப்பதற்கு முன்பே ‘போலீசுக்குச் சொல்லியாச்சா?’ என்றார்கள். அவன் அம்மா அதே ஆட்டோவில் அவனைத் திருப்பி அழைத்து வந்துவிட்டார். இனி அந்தத் தெருவில் எவர் மருத்துவமனைக்குப் போவார்?

எல்எஸ்டியின் வேகம் பன்னிரண்டு மணி நேரம்கூட நீடிக்கும். தனியே விடாமல், வெளிச்சத்தையும் இரைச்சலையும் குறைத்து, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பலர் தணிந்துவிடுவார்கள். வலிப்போ உடல் கொதிப்போ நினைவிழப்போ வந்தால் உடனே 108தான். எல்எஸ்டியைச் சின்னக் காகித அட்டையில் தடவித்தான் விற்பார்கள்; அதே பெயரில் வேறு ரசாயனம் தடவிய அட்டையையும் விற்கிறார்கள்; அதில் உயிர்கள் போயிருக்கின்றன. மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்எஸ்டி எடுத்தால் வலிப்பு அபாயம் வேறு.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவுக்கோ போட்ட வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. ஒருமுறை எடுத்துப் பயந்துபோனவன் அடிமையா என்ன? அவனையும் அதில் சேர்க்க வேண்டும். பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. அவசரப் பிரிவு ஊழியர்களுக்கும் விடுதி வார்டன்களுக்கும் அங்கே பயிற்சி தர அரசு ஏற்பாடு செய்யட்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ விடுதிச் சுவர்களில் தமிழிலும் எழுதி ஒட்டலாம்.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு