மதிப்பெண்ணை நம்பி பரோலை மறுக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'சைக்கோபத்' கைதிகள், அதாவது இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத ஆளுமை கொண்டவர்கள் என்று சொல்லப்படும் கைதிகள் பற்றிய கட்டுரை படித்தேன். கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் தயாரித்த சோதனைப் பட்டியலை வைத்து, வெளியே போனால் யார் மறுபடி குற்றம் செய்வார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்கிற தொனியில் அது முடிந்திருந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பட்டியலில் 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் பொதுவாக 'சைக்கோபத்' என்ற முத்திரை விழுந்துவிடும். சரி, எதற்கெல்லாம் மதிப்பெண் என்று பாருங்கள். ஈவிரக்கமின்மை, கூசாமல் பொய் சொல்வது எல்லாம் இருக்கிறது, கூடவே சின்ன வயதுச் சேட்டை, 18 வயதுக்குள் போலீசில் சிக்கியது, பரோல் நிபந்தனையை மீறியது ஆகியவையும் இருக்கின்றன. மறுகுற்றத்தை ஓரளவு முன்கூட்டிக் காட்டுவதும் பெரும்பாலும் இந்த நடத்தை சார்ந்த அம்சங்கள்தான், கல்நெஞ்சு அல்ல. பழைய குற்றப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரிகிற விஷயத்துக்கு நோயின் பெயரை ஏன் சூட்ட வேண்டும்? இருபது வருடம் ஒழுங்காக இருந்தவருக்கும் 15 வயதில் செய்ததற்கான மதிப்பெண் அப்படியே நிற்குமே!

மதிப்பெண் போடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களிடம் ஒரே வழக்குக் கோப்புகளைக் கொடுத்து, பாதிப் பேரை அரசுத் தரப்புக்காக வேலை செய்வதாகவும் மீதிப் பேரை எதிர்த் தரப்புக்காக வேலை செய்வதாகவும் நம்ப வைத்தார்கள். அரசுத் தரப்பு என்று நினைத்தவர்கள் சராசரியாக அதிக மதிப்பெண் போட்டார்கள்.

கட்டுரையில் வராமல் போன எவர்ட் வழக்கு எனக்கு மிக முக்கியம். கனடாவின் மேட்டி என்ற பழங்குடியினத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி எவர்ட், ஆயுள் தண்டனைக் கைதி. இந்தப் பட்டியலும் இதுபோன்ற வேறு நான்கு சோதனைகளும் பழங்குடியினருக்குப் பொருந்துமா என்று 2000-லிருந்தே கேட்டுவந்தார். சரிபார்க்க வேண்டிய சிறைத்துறை சரிபார்க்காமலே பயன்படுத்தியது, அது சட்டக் கடமையை மீறிய செயல் என்று 2018 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. சோதனைகள் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லைதான். ஆனால் மக்கள்தொகையில் சுமார் 5 சதவீதமே உள்ள பழங்குடியினர், 2020-இல் அந்நாட்டு மத்தியச் சிறைகளில் 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். அங்கே போய் சரிபார்க்காத அளவுகோலை நீட்டுவது பெரிய அநியாயம்.

பாதிக்கப்பட்டவர்களின் பயம் நியாயமானது, நான் மறுக்கவில்லை. அதற்காக ஒரே ஒருவர் போட்ட எண்ணை வைத்து முடிவெடுப்பதா? எந்தத் தரப்பிடமும் சம்பளம் வாங்காத இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடட்டும், எதற்கு எவ்வளவு போட்டார்கள் என்பதைக் கைதிக்கும் காட்டட்டும், சிறைக்குள் வந்தபிறகு அவரிடம் என்ன மாறியிருக்கிறது என்பதையும் பரோல் குழு கேட்கட்டும்.

வாசகர், திருச்சி