கடைசி வரை ஆயாவாகவே இருக்க வேண்டுமா?

எங்கள் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்பும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

நான் ஓர் அங்கன்வாடி உதவியாளர். 17 வருடமாக ஒரே மையத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் மையத்துக்குப் புதிய பணியாளர், அதாவது டீச்சர், வந்து சேர்ந்தார். நேரடி நியமனம்; உதவியாளருக்குப் பதவி உயர்வு கொடுக்காமல் வெளியிலிருந்து எடுத்தது. அதனால்தான் இந்த மடல்.

அந்தப் பெண் மீது எனக்கு வருத்தமே இல்லை. நல்ல பிள்ளை. முதல் நாளே, "அக்கா, எடை பார்க்கிறதைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டார். காட்டினேன். எந்தக் குழந்தை எடை குறைவு, எந்த வீட்டில் சத்துமாவைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் வேலையை டீச்சருக்கே சொல்லிக்கொடுக்கத் தெரிந்த எனக்கு, டீச்சராகத் தகுதி இல்லையா?

பழைய டீச்சர் ஓய்வு பெற்றதும் பக்கத்து ஊர்ப் பணியாளருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தீர்கள். அவருக்கும் சொந்த மையம் இருக்கிறதே, வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே பெரிது. மற்ற நாளெல்லாம் நான் ஒருத்திதான். இரண்டு வருடம். அடுப்படியில் நின்றபடியே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன். உள்ளே வராமலிருக்க வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்திருப்பேன். ஒரு நாள் மூன்று வயதுப் பையன் அதைத் தாண்டி வந்து, கொதிக்கிற சாம்பாருக்குப் பக்கத்தில் நின்றான். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியபோது என் கை நடுங்கியது இன்னும் மறக்கவில்லை. அப்புறம் காலை ஏழு மணிக்கே வந்து, பிள்ளைகள் வருமுன் சமையலை முடித்துவிடுவேன். 2025 ஜூலையில் சத்துமாவு வாங்க வருபவரின் முகத்தைப் போனில் பதிவது கட்டாயமானது. அதற்கான போஷன் டிராக்கர் செயலி அந்தப் பணியாளரின் போனில் இருந்ததால், அவர் வராத நாளில் வந்த தாய்மார்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஏச்சு வாங்கியது நான்.

நான் கேட்பது புதிதல்ல. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட போஷன் 2.0 என்ற ஊட்டச்சத்துத் திட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது: பணியாளர் இடங்களில் பாதியை, 5 வருட அனுபவமும் மற்றத் தகுதிகளும் உள்ள உதவியாளர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்து நிரப்ப வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே தனித்தேர்வராக பிளஸ் 2 எழுதித் தேறியவள் நான். இப்போது வயது 43. நேரடி நியமனத்துக்குப் பொதுவாக 35தான் வரம்பு. எனக்கு இருக்கிற ஒரே வழி பதவி உயர்வு. அதையும் அடைத்துவிட்டால் நான் எங்கே போவது?

முதலில் உதவியாளர்களுக்குப் பதவி உயர்வு கொடுங்கள். மீதி இடங்களுக்கு வெளியிலிருந்து ஆள் எடுங்கள். இதனால் வெளியில் காத்திருப்பவர்களுக்கும் நஷ்டமில்லை. நான் பணியாளரானால் என் இடம் காலியாகும், அதில் இன்னொரு பெண்ணுக்கு வேலை கிடைக்கும்.

அங்கன்வாடித் திட்டம் 1975இல் தொடங்கியது. இத்தனை வருடம் கழித்தும் நாங்கள் அரசு ஊழியர் இல்லையாம், மதிப்பூதியக்காரர்களாம். மத்திய அரசு கொடுக்கும் பங்கு பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். 2018 அக்டோபரில் உயர்த்தியது. அதற்குப் பிறகு அரிசி விலை ஏறவில்லையா, எண்ணெய் விலை ஏறவில்லையா? பணிக்கொடை (கிராஜுவிட்டி) எங்களுக்கும் உண்டு என்பதைக்கூட 2022இல் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, அதெல்லாம் உங்கள் கையில் இல்லை என்பீர்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். அடுத்த நேரடி நியமன அறிவிப்புக்கு முன், தகுதியுள்ள உதவியாளர்களின் சீனியாரிட்டி பட்டியலை வெளியிடுங்கள். பதவி உயர்வை முடித்துவிட்டு அறிவிப்புக் கொடுங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். சான்றிதழ்களோடு நேரில் வரச் சொன்னால், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மதியமே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடி உதவியாளர்