ரெக்கார்டு நோட்டில் வரைந்த அந்தக் குழாய்

அன்புள்ள கோமதி,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நலம் விசாரிக்கலாம். நீ கொடுத்த புதினா செத்துப்போய்விட்டது. போனில் நீ கேட்டபோதெல்லாம் "ஜோராக இருக்கிறது" என்றேனே, அதில் கடைசி மூன்று தடவை சுத்தப் பொய். அந்தக் குறுகுறுப்பில்தான் இரண்டு மாதமாக எழுதவே இல்லை.

இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குறட்டை குறையவில்லை. சின்னவள் உனக்குத் தனியாகக் கடிதம் எழுதப்போவதாகச் சொல்கிறாள். நம்பாதே.

சரி, புதினா கதைக்கு வருகிறேன். முதல் மாதம் அது வளர்ந்த வளர்ச்சியைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. மண் இல்லை, களை இல்லை, கையில் அழுக்கு இல்லை. ஒரு மூடி போட்ட கறுப்பு பக்கெட், அதில் ஊட்டச்சத்துக் கரைசல், அடியில் குமிழி விடும் கல், வெளியே மீன்தொட்டிக்குப் போடுவது போல ஒரு சின்ன ஏர் பம்ப். அவ்வளவுதான். பிறகு ஒருநாள் மத்தியானம் இலைகள் தொங்கின. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டன. மறுநாளும் அப்படியே. தண்ணீருக்குள்ளேயே நிற்கிற செடி தாகத்தில் வாடுமா? எனக்குப் புரியவில்லை. சத்துதான் போதவில்லை என்று முடிவுகட்டி, கரைசலை இன்னும் கெட்டியாக்கினேன். என் கைராசிதான் உனக்குத் தெரியுமே, பிப்பெட் விஷயத்தை இப்போது எடுக்காதே.

ஒரு வாரம் கழித்துத்தான் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அதுவரை இலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், கோமதி. வாடை முகத்தில் அடித்தது. தேங்கின சாக்கடை வாடை. வெள்ளை வெளேரென்று கொத்தாகத் தொங்கின வேர், பழுப்பாகி, வழவழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. ஒரு வேரை விரலால் மெதுவாக இழுத்தேன். மேல்தோல் காலுறை மாதிரி கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் போல நடுநரம்பு மட்டும் நின்றது. வேரழுகலுக்கு அதைவிட நிச்சயமான அடையாளம் வேண்டாம்.

காரணம் தேடி ஒரு வாரம் அலைந்தேன். பம்ப் பகலில் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒருநாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. குறட்டை மட்டும் கேட்டது, பம்ப் சத்தம் இல்லை. காலையில் விசாரித்தால், "ராத்திரியில் செடி தூங்கும்தானே, அதற்கு எதற்குக் காற்று?" என்கிறார் இவர். ஒரு மாதமாகத் தினமும் படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்திருக்கிறார்! தன் குறட்டைக்கு இடைஞ்சலாக இருந்ததோ என்னவோ.

நாம் தாவரவியல் படித்தவர்கள் என்று வெளியே சொல்லிவிடாதே. வேருக்கு இரவு பகல் ஏது? இலை வெயிலில் ஆக்சிஜன் தயாரித்தாலும், தண்ணீருக்குள் இருக்கும் வேர் பெரும்பாலும் அங்கே கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்க வேண்டும். அது தீர்ந்தால் வேர் தண்ணீரை உறிஞ்சுவதும் குறைந்துவிடுகிறது. அதனால்தான் தண்ணீரில் நின்றபடியே வாட்டம். நான் கெட்டியாக்கின கரைசல் அதன்மேல் இன்னொரு அடி. வெளியே உப்பு ஏற ஏற, வேர் நீரை இழுப்பது இன்னும் கஷ்டமாகிவிடும்.

ஆனால் எல்லாப் பழியையும் இவர்மேல் போட முடியவில்லை. பக்கெட் கறுப்பாக இருந்தால் வெளிச்சம் புகாது, பாசி பிடிக்காது என்று தேடிப்பிடித்து வாங்கினது நான். அதை வெயில் விழும் இடத்தில் வைத்ததும் நான். மத்தியானம் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 31 டிகிரி! 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். தண்ணீர் சூடாகச் சூடாக வேருக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது, இருப்போ குறைந்துகொண்டே போகிறது. மாசக்கடைசிக் குடித்தனம் மாதிரி.

இப்படி நொந்துபோன வேரில்தான் பித்தியம் என்கிற வேரழுகல் கிருமி வந்து உட்காரும். பழைய புத்தகங்கள் அதைப் பூஞ்சை என்கின்றன. நாமும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினோம். உண்மையில் அது பூஞ்சையே இல்லை, பழுப்புப் பாசிகளுக்குத் தூரத்து உறவு. அதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தி வேரைத் தேடிப் போகும். நான் நீச்சல்குளமே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இதில் என்னை உண்மையாகவே உறுத்துவது வேறு ஒன்று. ரெக்கார்டு நோட்டில் நீர் வளர்ப்புப் படம் வரைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக் குடுவை, சுற்றிலும் கறுப்புக் காகிதம், தக்கையில் செருகின நாற்று, பக்கத்தில் ஒரு வளைந்த குழாய். 1860இல் யூலியஸ் ஸாக்ஸ் மண்ணே இல்லாமல் செடி வளர்த்துக் காட்டினார் என்று கீழே எழுதினோம். குழாய்க்கு 'காற்றுக் குழாய்' என்று அம்புக்குறி போட்டு நான் 'வெரி குட்' வாங்கினேன், நீ நிழல் தீட்டவில்லை என்று நாம் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்த ஆசிரியரிடம் திட்டு வாங்கினாய். அந்தக் குழாய் எதற்கு என்று நம்மில் ஒருத்தி கேட்டோமா? இத்தனை வருஷம் கழித்து ஒரு புதினாவைக் கொன்றுதான் எனக்குப் புரிந்தது.

காப்பாற்றப் பார்த்ததில் இன்னொரு கூத்து. நீ சொன்ன பேசில்லஸ் பொடியைத் திங்கட்கிழமை கலந்தேன். நல்ல கிருமி குடியேறிவிட்டால் கெட்டதற்கு இடமிருக்காது என்று நீ சொன்னது சரிதான். செவ்வாய்க்கிழமை பயந்துபோய் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஊற்றிவிட்டேன். அது நல்லது கெட்டது பார்க்காது, குடிவந்தவர்களையும் சேர்த்துத் தீர்த்துவிட்டது. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும்.

நடுவில் ஒன்று கேட்கிறேன். என் பொய்யைச் சொல்லிவிட்டேன். கண் பரிசோதனை பற்றி நான் கேட்டபோது "ஒன்றுமில்லை, எல்லாம் சரி" என்றாயே, அது எந்த ரகம்? உன் குரல் எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை அப்படியே எழுது. இரண்டாவது முறை போகச் சொல்லியிருந்தால் தேதியை எழுது, நான் வருகிறேன். துணைக்கு யாரும் வேண்டாம் என்று ஆரம்பிக்காதே.

இப்போதைய நிலவரம்: பக்கெட்டை நீர்த்த ப்ளீச்சால் கழுவி, பலமுறை அலசி, காயவைத்தேன். செத்த வேர்த் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, அதுதான் பித்தியத்துக்குத் தீனி. வெளிப்பக்கம் வெள்ளைத் துணி சுற்றி நிழலுக்கு நகர்த்திவிட்டேன். ரொம்பச் சூடான நாளில் ஒரு பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, அப்படியே மூடியோடு உள்ளே மிதக்கவிடுகிறேன். நேற்று மத்தியானம் 22 டிகிரி. பம்பை ஸ்பாஞ்ச் துண்டின்மேல் உட்காரவைத்ததும் இரைச்சல் பாதியாகிவிட்டது, இவருக்கும் ஆட்சேபமில்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். கரன்ட் போனால் குழாய் வழியே தண்ணீர் திரும்பி பம்புக்குள் இறங்கிவிடும், கீழே வைக்காதே. சுவிட்சின்மேல் டேப் ஒட்டியாகிவிட்டது.

அப்புறம், முழுப் பொய்யும் இல்லை. செடி சாவதற்கு முன் நுனியில் பச்சையாக இருந்த இரண்டு தண்டுகளைக் கணுவுக்குக் கீழே நறுக்கி டம்ளரில் வைத்தேன். ஒன்று அழுகிவிட்டது. இன்னொன்றில் ஒன்பதாம் நாள் வெள்ளை முனை எட்டிப்பார்த்தது, இப்போது சுண்டுவிரல் நீளம். பாதி வீரியக் கரைசலில் விட்டிருக்கிறேன். வேரின் மேல்பாதி காற்றில், கீழ்ப்பாதிதான் தண்ணீரில். அந்த மேல்பாதியை முழுக்கி வைக்கவே கூடாது. பம்ப் இல்லாத பெட்டியில் லெட்டூஸ் வைத்தபோது, மட்டம் குறைகிறதே என்று தினமும் விளிம்புவரை ஊற்றி மூச்சுத்திணறடித்தவள் நான்தான். அதை இன்னொரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இன்று ராத்திரி நீயும் உன் பக்கெட் மூடியைத் தூக்கிப் பார். நிறத்தைப் பார்த்துப் பதறாதே, சில சத்துக் கரைசல்களின் சாயம் ஏறி நல்ல வேரும் பழுப்பாகத் தெரியும். தொட்டுப் பார், மோந்து பார். வழவழப்பா, வாடையா, இரண்டும் இல்லையா என்று எழுது. கண் விஷயத்துக்குக் கீழே எழுது, மேலே அல்ல.

உன்
சுசி