தராசில் ஏறி இறங்கியது போதும்

தாராவி
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஞாயிறு ரெண்டு மணிக்கு மேல் கடைக்கு ஆள் வராது, உனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு வந்தபோது உன் அத்தை வாசலில் நிற்கவைத்தே "என்னண்ணே, பிள்ளைக்குச் சோறு கீறு போடுறதில்லையா"ன்னு கேட்டாள். நீ சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாய். ஆனால் அன்றைக்கு ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாய், மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் வந்து மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றாய். 52 காட்டியது. அதுவும் செருப்போடு. நான் பார்க்காத மாதிரி பருப்பை அள்ளிக்கொண்டிருந்தேன், ஆனால் பார்த்தேன்.

நீ பெங்களூருக்குத் திரும்பிய பிறகு உன் அம்மா பீரோ மேலே இருந்த டப்பாவை இறக்கிக் காட்டினாள். எடை ஏறுவதற்கு நீ வாங்கிய பொடி, 3 கிலோ டப்பா, மேலே ஒரு ஆள் எருமை மாதிரி நிற்கிறான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் வாசித்தேன். சேர்மானத்தில் முதலாவதாக மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று இருக்கிறது, அதாவது சோளம், அரிசி மாதிரி ஏதோ ஒன்றின் மாவுச்சத்திலிருந்து எடுக்கிற பொடி, சர்க்கரைக்குத் தங்கச்சி முறை. மாவு விற்கிறவன் மகனுக்கே மாவு விற்றிருக்கிறார்கள்! விலையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது, அதை விடு.

உன் எடை குறைவுதான், அதில் நான் மழுப்பப் போவதில்லை. நீ 175 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. என்கிறார்களே, எடையை மீட்டரில் எடுத்த உயரத்தால் ரெண்டு தடவை வகுப்பது, அது உனக்கு 17 வருகிறது. 18.5 இருக்க வேண்டும், அதற்கு நீ 57 கிலோவைத் தொட வேண்டும். ஐந்து கிலோ பாக்கி, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நீ பலசாலியா பலவீனனா என்று முடிவு கட்டினால், மூட்டையின் எடையைப் பார்த்து உள்ளே இருப்பது பொன்னியா குருணையா என்று சொல்வது மாதிரிதான். புனேயில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர், அவரும் யுட்கின் என்று ஓர் இங்கிலாந்து டாக்டரும் 2004இல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் தங்கள் படத்தையே போட்டு எழுதினார்கள். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. நம்ம கடைக்கு வருகிற டாக்டரம்மாதான் இதை எனக்குச் சொன்னது. நம் ஆட்கள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு பதுங்கியிருக்கும், குச்சி கை, குச்சி கால், நடுவில் மட்டும் தொந்தி. நீ அந்தப் பொடியைக் குடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தால் 57 வந்துவிடும், எங்கே வரும் என்பதுதான் கேள்வி. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்துகொள், 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம் ஆண்களுக்கு ஆபத்து என்கிறார்கள், உனக்கு அது ரொம்ப தூரம், ஆனாலும் எழுதி வை.

கண்ணாடியையும் தராசையும் விட்டுவிட்டு உடம்பு என்ன செய்கிறது என்று பார். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் நாடியைப் பிடித்து ஒரு நிமிஷம் எண்ணு, 60க்கும் 100க்கும் நடுவில் இருந்தால் சரிதான், மாசக்கணக்கில் பயிற்சி செய்யச் செய்ய அது இறங்கும். 60 படியை நிற்காமல் ஒரு நிமிஷத்துக்குள் ஏறிவிடுகிறவன் இதயம் நன்றாக இருக்கிறது என்று ஸ்பெயினில் இதய டாக்டர்கள் சோதித்துச் சொன்னார்கள். நான் தாதர் ஸ்டேஷன் பாலத்தில் ஏறிப் பார்த்தேன், பாதியில் ஒருத்தன் பெட்டியை இழுத்துக்கொண்டு குறுக்கே வந்ததால் அந்தக் கணக்கு செல்லாது, இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல்தான் ஆகியிருக்கும். அப்புறம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திரு. தண்டால் எத்தனை, முதுகு வளையாமல், ஏமாற்றாமல். கம்பியைப் பிடித்து எத்தனை வினாடி தொங்குகிறாய். கைக்குப் பத்து கிலோவாக ரெண்டு பையைத் தூக்கிக்கொண்டு எத்தனை அடி நடக்கிறாய். பிடிப்பைச் சும்மா நினைக்காதே, 17 நாடுகளில் கிட்டத்தட்ட 1,40,000 பேரைப் பார்த்து, யார் சீக்கிரம் போய்ச் சேருவார்கள் என்பதை ரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடிப்பு நன்றாகக் காட்டுகிறது என்று 2015இல் எழுதினார்கள். நம் நாட்டு ஆட்களும் அதில் உண்டு.

என் கதையைச் சொல்கிறேன், இதை உனக்குச் சொன்னதில்லை. 1984, எனக்கு 20 வயசு, 47 கிலோ. மாமா கடையில் வேலை. அப்போது தானிய மொத்தச் சந்தை நவி மும்பை வாஷிக்குப் போகவில்லை, மஸ்ஜித் பந்தர் பக்கம் தாணா பந்தரில்தான் சரக்கு எடுப்போம். மூட்டை தூக்குகிற ஹமால்கள் எல்லாம் டீ குடிக்கப் போயிருந்த நேரம், நானும் ஆம்பிளைதான் என்று காட்டுவதற்காகக் கீழே கிடந்த 40 கிலோ துவரம்பருப்பு மூட்டையை இடுப்பை வளைத்து வெடுக்கென்று தூக்கினேன். இடுப்பில் ஏதோ பிடுங்கியது மாதிரி இருந்தது, மூட்டை ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். 11 நாள் பாயில் கிடந்தேன். மாமா சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார், அது வேறு.

திரும்பப் போனபோது சாத்தாராக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள், என்னைவிட ஒரு ஐந்து கிலோ கூட இருந்தால் அதிகம், காந்தி குல்லாய், அதன் மேலே துண்டைச் சுருட்டிச் சும்மாடு. முழங்கைக்குக் கீழே மட்டும் வடக்கயிறு முறுக்கிய மாதிரி நரம்பு. பேசாமல் பார் என்று சைகை காட்டினார். ரெண்டு காலையும் அகட்டி, மூட்டை நடுவில் இருக்கிற மாதிரி நின்றார், நாம் கக்கூஸில் உட்காருவோமே அப்படிக் கீழே இறங்கினார், மூட்டையின் காதைப் பிடிக்கவில்லை, குழந்தையை வாரி எடுப்பது மாதிரி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார், வயிறு நிறைய மூச்சை இழுத்து அடைத்தார். காலால்தான் எழுந்தார், முதுகு கொஞ்சங்கூட வளையவில்லை. முதலில் தொடை, அங்கே அரை வினாடி, அப்புறம் தோள். பிறகு என்னைச் செய்யச் சொல்லிவிட்டு "ஜவள் கே, ஜவள் கே" என்று கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்தில் எடு, உடம்போடு சேர்த்து எடு என்று அர்த்தம். எனக்கு அப்போது தெரிந்த மராத்தியே அவ்வளவுதான். இன்றைக்கு உன் ஜிம்மில் அதற்கு டெட்லிஃப்ட், ஸ்குவாட் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஐந்து கிலோவில் ஆரம்பித்தேன், மற்ற பையன்கள் சிரித்தார்கள். வாரத்துக்கு ரெண்டு கிலோ, சில வாரம் மூன்று, சில வாரம் ஒன்றுமில்லை. கடன் சிட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். நாலு மாசத்தில் அதே 40 கிலோ மூட்டை தோளில் ஏறியது. என் எடை எவ்வளவு கூடியது தெரியுமா, நாலு கிலோ. தூக்கியது எட்டு மடங்கு. கை சைஸ் மாறாமலே பலம் எப்படி வந்தது என்று அன்றைக்குப் புரியவில்லை, முதல் ஒன்றிரண்டு மாசம் சதை வளர்வதைவிட, இருக்கிற சதையை எல்லாம் ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிட மூளையும் நரம்பும் பழகிக்கொள்வதுதான் பெரும்பாலும் என்று டாக்டரம்மா இப்போது சொல்கிறார். அதனால் ரெண்டு மாசம் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்று நீ விட்டுவிடக் கூடாது. அந்த நோட்டு 2005 ஜூலை வெள்ளத்தில் கடையோடு நனைந்து கூழாகிவிட்டது, இல்லாவிட்டால் உனக்கே அனுப்பியிருப்பேன்.

நம்ம ஊர் அம்மன் கோயில் பக்கம் பையன்கள் தூக்கிப் பலம் காட்டுகிற இளவட்டக்கல் கிடக்குமே, சின்ன வயசில் நீ ஏறி உட்கார்ந்து படம் எடுத்தாயே, அது ஒற்றைக் கல் இல்லை. பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ரெண்டு கிடந்தது, ரோடு போட்டவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சின்னதைத் தோள் வழியாகப் பின்னால் போட்டால்தான் அடுத்ததில் கை வைக்க விடுவார்கள். கல்யாணப் பேச்சு எல்லாம் பெரிய கல்லுக்குத்தான் என்றாலும், பையன்கள் வருஷக்கணக்காகச் சின்னக் கல்லோடுதான் மல்லுக்கட்டுவார்கள்.

நீ அனுப்பிய படத்தில் கையை மட்டும் முறுக்கிக்கொண்டிருக்கிறாய். ஏலே, சதையில் பெரும்பகுதி காலிலும் முதுகிலும்தான் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் விட்டு விட்டு. பஸ்கி, தண்டால், தரையிலிருந்து தூக்குவது, கம்பியில் தொங்கி ஏறுவது, கனத்தோடு நடப்பது. எட்டுத் தடவை சுத்தமாக வருகிற எடை பன்னிரண்டு தடவை வர ஆரம்பித்தால் கொஞ்சம் ஏற்று. மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு வலிக்கும், அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் மூட்டில் சுருக்கென்று குத்தினால் கீழே வை, என் 11 நாளை நினைத்துக்கொள். அங்கே எவனாவது ஊசி, மாத்திரை என்று காதில் ஓதினால் அந்த ஜிம்முக்கே போகாதே. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழித்திருந்தால் இதில் எதுவும் ஒட்டாது, உடம்பு கட்டுவது தூங்கும்போதுதான்.

சாப்பாட்டுக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன், அது என் தொழில். சும்மா இருக்கிறவனுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சொல்கிறது, உனக்கு 43 கிராம். எடை தூக்குகிறவனுக்கு 1.6 வரைக்கும் போகலாம், அப்படிப் பார்த்தால் 83. மூன்று முட்டை 18, அரை லிட்டர் பால் 16, ஒரு கைப்பிடி நிலக்கடலை 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, 150 கிராம் மீன் 30. கூட்டிப் பார், 83. சோறும் சாம்பாரும் இதற்கு மேலே, மீன் இல்லாத நாளில் பன்னீரோ சோயாவோ போட்டுக்கொள். இப்போது தின்பதற்கு மேல் தினம் 300லிருந்து 500 கலோரி போனால் மாசம் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை ஏறும், அதற்கு மேல் ஏறினால் சந்தோஷப்படாதே, டேப்பை எடு. வயிறு நிறைந்துவிடுகிறது என்கிறாயே, அதற்குத்தான் இளைத்தவனுக்கு எள்ளு என்று வைத்தார்கள். நூறு கிராம் வெந்த சோற்றில் 130 கலோரி, நூறு கிராம் எள்ளில் 560க்கும் மேலே. கொழுத்தவனுக்குச் சொன்ன கொள்ளும் நமக்குத் தள்ளுபடி இல்லை, புரதம் உண்டு, ரசம் வைத்துக் குடி.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தடவை ரத்தத்தை டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிடு. ஹீமோகுளோபின் 13க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, அதோடு தைராய்டு, சர்க்கரையும் பார்க்கச் சொல். பிறந்ததிலிருந்தே ஒல்லியாக இருப்பது வேறு, நீ பிறக்கும்போதே 2 கிலோ 300தான். ஆனால் நன்றாகத் தின்றும் எடை தானாக இறங்கினாலோ, இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சாயங்காலமானால் உடம்பு சுட்டாலோ தள்ளிப்போடாதே. டி.பி. என்ன செய்யும் என்று இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பொங்கல் வரைக்கும் அதையே பேசுவாள்.

வெள்ளிக்கிழமை எதிர்க்கடை அண்ணாச்சி மகன் உத்யான் எக்ஸ்பிரஸில் வருகிறான். அவன் கையில் வறுக்காத கடலை ரெண்டு கிலோ, அம்மா உருட்டின எள்ளுருண்டை, கொள்ளு, கடையில் வைத்திருந்த நீள நோட்டு ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் பொங்கல் தேதியைப் போட்டு 52 என்று நானே எழுதிவிட்டேன், பக்கத்தில் செருப்போடு என்றும் எழுதியிருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிக்கொள். பை கனமாகத்தான் இருக்கும், ஜவளாகப் பிடித்துத் தூக்கு.

அப்பா