பின்னட்டையின் கடைசி வரி

மதுரை,
பங்குனி மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. தம்பியின் கைப்பேசிக்கு நீ அனுப்பியிருந்த தெம்மாங்கு இசைத் தொகுப்பின் அட்டைகளைத் திரையில் பார்த்து எனக்குத் திருப்தி வராது என்பதால், டவுன்ஹால் ரோட்டில் வண்ணத்தில் அச்செடுத்து வாங்கி வந்து மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். நான் பார்த்து முடிப்பதற்குள் உன் அம்மா அவற்றை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்துவிட்டாள். வண்டியூர்த் தெப்பக்குளத்து மைய மண்டபத்தைச் சாயங்கால வெளிச்சத்தில் நிறுத்தி, மேலே வானத்தைத் தாராளமாக விட்டு, தலைப்பைக் கீழே சிறியதாக வைத்திருக்கும் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. வகுப்புக்குச் செய்த பயிற்சி என்று சொன்னாலொழியத் தெரியாது. ஆனால் வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் கண் பிழையைத்தான் முதலில் காணும். அதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பின்னட்டையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

முன்னட்டையில் கரையோரத்து மின்கம்பத்தையும் கம்பிகளையும், படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தை மறைக்கிற குளோன் ஸ்டாம்ப் கருவியால் சுவடு தெரியாமல் எடுத்திருக்கிறாய். ஆனால் தண்ணீரில் அந்தக் கம்பத்தின் நிழல் அப்படியே நிற்கிறது. கரையில் இல்லாத கம்பம் குளத்துக்குள் எப்படி வந்தது என்று எந்த ஆசிரியரும் கேட்கவில்லையா? இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து செய்தால் இப்படித்தான் ஆகும் என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வானத்து நீலத்தையும் கவனி. திரை ஒளியால் காட்டுகிற அந்த மின்னும் நீலம் அச்சின் சியான் (நீலம்), மெஜந்தா (சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் கிடைக்காது. சியானோடு மெஜந்தா கொஞ்சம் கூடினாலும் வானம் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்துவிடும். கோப்பை அச்சுக்குரிய நான்கு வண்ண முறைக்கு மாற்றிப் பார்த்து, அங்கே வைத்து நிறத்தைத் திருத்திக்கொள்.

சிடி பெட்டியின் முன்னட்டை 12 சென்டிமீட்டர் சதுரம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் ஒரு பக்கத்துக்கு 1,417 பிக்சல் போதும். அதற்கு உன் படம் தாங்குகிறது. அதே படத்தை எல்பி இசைத்தட்டின் உறைக்கும் இழுத்திருக்கிறாயே, அந்த உறை 31 சென்டிமீட்டருக்கு மேல். அதற்கு 3,600 பிக்சலுக்கு மேல் வேண்டும். இல்லாத புள்ளிகளை மென்பொருள் தானாக இட்டு நிரப்பியதில் மண்டபத்துத் தூண்களின் ஓரமெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. படம் எடுத்தவரிடம் முழு அளவுக் கோப்பு இருக்குமல்லவா, அதைக் கேட்டு வாங்கிக்கொள். நீ கேட்டால் அவர் தராமலா இருப்பார்.

தமிழ் எழுத்துகள் விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். பாடல் பட்டியலில் மூன்றாவது பாட்டின் பெயரில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் எழுத்துக்கான அமைப்புகளுக்குள் போய், தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தட்டினால்தான் யூனிகோட் தமிழ் ஒழுங்காக அமரும் என்று எங்கள் அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டும் டிடிபி பையன் சொல்கிறான். பக்கம் கட்டப் பேஜ்மேக்கரும் தமிழ் எழுத்துக்கு ஸ்ரீலிபியும் இருந்த காலத்தில் எங்களுக்கு வேறு தொல்லைகள் இருந்தன. இந்தத் தொல்லை இல்லை. அதைவிட, பாடல் வரிகளைப் புகைப்படக் கோப்புக்குள்ளேயே அடிக்காமல் படத்தை மட்டும் அங்கே முடித்து, எழுத்தைப் பக்கம் கட்டும் மென்பொருளில் வைத்தால் ஓரங்கள் கூர்மையாக வரும். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். திரைக் கறுப்பை அப்படியே மாற்றினால் அது நான்கு மையிலும் விழும். இயந்திரத்தில் ரெஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், இம்மி நகர்ந்தாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பும் நீலமுமாக இரண்டாம் எழுத்து முளைக்கும். கறுத்த பின்புலத்தில் ஐந்து பாயின்டில் வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். புள்ளிகளை மை மூடிவிடும். புள்ளி போன தமிழில் மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகிவிடும். பாடகர் பெயரே மாறிப்போன கேசட் அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பின்னட்டைக்கு வருகிறேன். விரித்தால் சுமார் 15 சென்டிமீட்டர் அகலம். இரண்டு ஓரத்திலும் ஆறரை மில்லிமீட்டர் மடிந்து பெட்டியின் முதுகாக வேண்டும். அதைச் சரியாகவே செய்திருக்கிறாய், வெட்டு பிசகினாலும் வெள்ளை தெரியாதபடி வெட்டுக்கு வெளியே படம் நீளும் பிளீடும் 3 மில்லிமீட்டர் விட்டிருக்கிறாய். கடைசி வரியில் 'படமும் வடிவமைப்பும்' என்று போட்டு, அதற்கு எதிரே உன் பெயரையும் இன்னொரு பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறாய். அந்த வரியைப் பற்றி எனக்குச் சில திருத்தங்கள் உண்டு.

பெயர்களுக்கு இடையே உள்ள இடைவெளி மற்ற வரிகளில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கிறது. மேலும், படம் எடுப்பது ஒரு வேலை, வடிவமைப்பது வேறு வேலை. இரண்டையும் தனித்தனி வரியில் அவரவர் பெயரோடு போடுவதுதான் தெளிவு. எங்கள் அச்சகத்தில் ஐயப்பன் பாட்டுக்கும் திருவிழாப் பாட்டுக்கும் கேசட் அட்டை அடித்த காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. இரண்டரை அங்குல அட்டையில் சாமி படம், பாடியவர் பெயர், கடை விலாசம், அவ்வளவுதான். வரைந்தவன் பெயரைப் போட யாருக்கும் தோன்றாது. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு வாக்கில் வெறும் பழுப்புத் தாளில் விற்ற இசைத்தட்டுகளுக்குப் படம் போட்ட உறையைக் கொண்டுவந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் தன் அட்டைகளில் தன் கையெழுத்தை இட்டுக்கொண்டார் என்று முதலாண்டு விடுமுறையில் நீதான் எனக்குச் சொன்னாய். அவர் தம் ஒரு பெயரைத்தான் இட்டுக்கொண்டார் என்பதையும் கவனித்துக்கொள்.

இந்த வேலையில் உன் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். நாளைக்கு வேலை கேட்டுப் போகும்போது இதையெல்லாம் எடுத்து வைப்பாய். இதில் எது உன்னுடையது என்று கேட்டால் என்ன சொல்வாய்? இடைவெளியை மட்டுமாவது சரிசெய்துவிடு.

உன் அம்மா அட்டையைப் பார்த்தாளே தவிர அந்த வரியைப் படித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. படித்திருந்தால் சும்மா இருக்க மாட்டாள். எதிர்வீட்டு அக்கா படித்துவிட்டாள். யாரு என்று கேட்டாள், கூடப் படிக்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டேன். நீ பொங்கலுக்குப் பிறகு பேசும்போதெல்லாம் வேலை இருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பு கடினமாக இருக்கும். ஆனால் நீ அனுப்பும் முன்பு ஒவ்வொரு அட்டையையும் உன் கண்ணால் பலமுறை பார்த்திருப்பாய் என்பதும், அப்பா கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர் என்பது உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அனுப்பியிருக்கிறாய்.

சின்னத்தை அந்த வருஷம் எழுதிய கடிதத்தை உன் அப்பத்தா பிரிக்காமலே திருப்பி அனுப்பியதும், அதற்குப் பிறகு சோழவந்தான் பக்கம் நம் வீட்டார் போகாமல் போனதும், யாருக்கு எந்தச் சாவுச் செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதும் நீ கேட்டு வளர்ந்தவைதாம். இந்த வீட்டுக்கு வருகிற எதையும் நான் பிரித்துத்தான் படிப்பேன். கோபம் வந்தாலும் படித்துவிட்டுத்தான் வரும்.

அம்மாவின் முழங்கால் முன்பைவிடப் பரவாயில்லை. தம்பி தேர்வுக்குப் படிக்கிறான், அல்லது படிப்பதாகச் சொல்கிறான். சித்திரைத் திருவிழாவுக்கு வா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ரயிலில் இடம் கிடைக்காது, இப்போதே பதிவு செய். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் திரையின் முன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, கெட்ட கண்ணுக்கு நிறமும் சரியாகத் தெரியாது.

திருத்திய தாள்களைக் கூரியரில் அனுப்புகிறேன். கடைசி வரியில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன். உன் பெயருக்கு முன்னால் என் முதலெழுத்தை விடாமல் போட்டிருக்கிறாய், பார்த்தேன். பக்கத்துப் பெயர் முதலெழுத்து இல்லாமல் நிற்கிறது. ஒரே வரியில் வரும் பெயர்கள் ஒரே முறையில் இருக்க வேண்டும். ஒன்றுக்குப் போட்டு இன்னொன்றுக்கு விட்டால் அது அச்சில் அவமரியாதை. ஆகவே அவருடைய முதலெழுத்து என்னவென்று எழுது. முதலெழுத்து மட்டும் போதும். அதற்கு மேல் ஊரும் வீடும் விசாரிக்கிறவர்களுக்கு இங்கே நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா