வரைபடத்தில் உள்ள கம்பி என் சுவரில் இல்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: முதல் தள ஸ்லாப்பைச் சுவருடன் இணைக்காமல் விட்டது தொடர்பாக

ஐயா,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான் பதில்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் நான் கட்டும் வீட்டுக்குச் சுவர்களையும் ஸ்லாப்புகளையும் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தியது நீங்கள்தான். உங்கள் வரைபடம் 7-ஐ எடுத்துப் பாருங்கள். சுவரின் தலையிலிருந்து, 600 மி.மீ. இடைவெளிக்கு ஒன்றாக, 12 மி.மீ. கம்பி எழும்பி ஸ்லாப்பின் துளைக்குள் ஏறவேண்டும். துளையைச் சுருங்காத கிரவுட்டால், அதாவது ஊற்றி இறுகவைக்கும் சிமெண்ட் கலவையால், நிரப்பவேண்டும். கடல் பக்கச் சுவரில் அப்படி 14 கம்பிகள். அவற்றில் ஒன்பது, துளைக்கு நேராக வரவில்லை என்று உங்கள் ஆட்கள் கிரைண்டரால் அறுத்துவிட்டு, மேலே சிமெண்ட் பூசி மூடியிருக்கிறார்கள். பூச்சைத் தட்டிவிட்டுத் துளைக்குள் சைக்கிள் சக்கரக் கம்பியை விட்டுப் பார்த்தேன். அரைச் சாண் ஆழத்துக்குத் தடையே இல்லை; அங்கே கிரவுட்டும் இல்லை. அறுத்த ஒன்பது துண்டுகளும் சிமெண்ட் சாக்கில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதைத் தொலைபேசியில் சொன்னதற்கு உங்கள் அலுவலர் என்ன சொன்னார் தெரியுமா? “பெரியவரே, ஸ்லாப் எத்தனை டன்! அது எங்கே ஓடிப்போகும்?” சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். முப்பத்திரண்டு ஆண்டு பள்ளியில் பாடம் நடத்திய என்னிடம் இப்படியா பேசுவது? எடை கீழ்நோக்கித்தான் அழுத்தும். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அந்த விசையைத் தளம் வாங்கிக் குறுக்குச் சுவர்களுக்குக் கொடுக்கவேண்டும். அதைக் கடத்துவது அந்தக் கம்பியும் கிரவுட்டும்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையில் கரையேறியது. அன்று வேரோடு சாய்ந்த பலா மரங்களுக்கும் எடை இருந்தது.

ஸ்லாப்புகளின் மேல் ஓர் அடுக்கு கான்கிரீட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் உங்கள் மேற்பார்வையாளர். அது ஸ்லாப்புகளை ஒன்றோடொன்று சேர்க்கும். அறுத்த கம்பியைச் சுவரில் முளைக்க வைக்குமா? அதனால்தான் அந்த வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

புதுவையில் உள்ள உங்கள் தொழிற்சாலைக்கு வியாழன் காலை பத்து மணிக்கு வரச் சொன்னீர்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, மூன்று மணிவரை காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பொறியாளர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார் என்று சொன்னதும், குடிக்கத் தண்ணீர் கொடுத்ததும் அந்தக் காவலாளிதான். அவருக்கு என் நன்றி.

வேலை நின்ற நாள் முதல் கொத்தனார் கூலி, வீட்டு வாடகை, என் உடல்நலம் எல்லாம் சேர்த்தால் நட்டம் இருபது லட்சத்துக்குக் குறையாது.

தயவுசெய்து பத்து நாளுக்குள் பொறியாளரை அனுப்புங்கள். சுவரில் துளையிட்டுப் புதுக் கம்பி பதித்து, அதை என் முன்னால் இழுத்துச் சோதித்து, கையெழுத்திட்ட அறிக்கை தரவேண்டும். தவறினால், அந்தச் சாக்கு மூட்டையோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிற்பேன். வருபவர் மரியாதையாகப் பேசுபவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தேவனாம்பட்டினம், கடலூர்